சைலன்சர் மாத்தணும், ஆனா காருக்குள்ள "உம்ம்ம்"னு இருக்கக் கூடாது: கேள்வி பதில்

கார் சைலன்சர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குமிஞ்சிருச்சு. முக்கால்வாசி பேர் கேட்டது ஒரே விஷயம் தான், வெளிய நல்ல சத்தம் வேணும், உள்ள உக்காந்தா தலை வலிக்கக் கூடாது. ஒரே மாதிரி வந்தத சேத்து எழுதிட்டேன்.

கோயம்புத்தூர், 2012 ஹோண்டா சிட்டி 1.5 மேனுவல்: அண்ணா, உள்ளூர் பட்டறைல ஸ்ட்ரெய்ட் த்ரூ எண்ட் கேன் (உள்ள தடுப்பில்லாத பின் சைலன்சர்) போட்டேன். ஊருக்குள்ள சத்தம் அருமையா இருக்கு. அவிநாசி தாண்டி ஹைவேல 2600 ஆர்பிஎம் கிட்ட புடிச்சா உள்ள உம்ம்ம்னு காது அடைக்குது, அம்மா பின் சீட்ல உக்காரவே மாட்டேங்கறாங்க. இன்னும் மிதிச்சா குறைஞ்சிருது. ஏன் இப்படி?

மிதிச்சா குறையுதுன்னு சொன்னீங்க பாருங்க தம்பி, அதுலயே பதில் இருக்கு. வெறும் சத்தம் ஜாஸ்தின்னா வேகம் ஏற ஏற அதுவும் ஏறிட்டே போகணும்ல? இது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் வருது, இதத்தான் ட்ரோன்னு சொல்றோம்.

நாலு சிலிண்டர் இன்ஜின்ல க்ராங்க் ஒரு சுத்து சுத்தினா ரெண்டு சிலிண்டர் ஃபயர் ஆகும். அதனால ஆர்பிஎம்ம (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) 30ஆல வகுத்தா எக்ஸாஸ்ட்ல, அதாவது புகை போற பைப்ல, வர்ற மெயின் சத்தத்தோட ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தன அதிர்வு) கெடைக்கும், 2400ல 80, 2700ல 90, 3000ல 100. இப்ப கேபின பாருங்க, முன் கண்ணாடில இருந்து பின் கண்ணாடி வரைக்கும் ரெண்டு ரெண்டேகால் மீட்டர் நீளத்துல ஒரு மூடின பொட்டி. காத்துல சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, அத நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தீங்கன்னா 76ல இருந்து 86 ஹெர்ட்ஸுக்குள்ள வரும், அந்த இடத்துல தான் கேபின் காத்து தானா அதிரும். உங்க 2600 ஆர்பிஎம் 87 ஹெர்ட்ஸ். ரெண்டும் நேருக்கு நேர் வந்து நிக்குது, நம்ம ஊர்ல நாலு சிலிண்டர் பெட்ரோல் கார்ல பாதி, ஹைவேல 90, 100ல போறப்ப இந்த ஆர்பிஎம்ல தான் ஓடும், அதனால தான் இத்தன பேருக்கு இதே பிரச்சன. அம்மாவுக்கு மட்டும் ஏன் ஜாஸ்தின்னா, இந்த அதிர்வோட அழுத்தம் கேபினோட ரெண்டு முனைலயும் தான் உச்சத்துல இருக்கும், நடுவுல கம்மி. ட்ரைவர் தலை நடுவுக்கு பக்கத்துல இருக்கு, பின் சீட் ஆளோட தலை கண்ணாடிக்கு ஒட்டி இருக்கு. அவங்க சொல்றத மிகைன்னு நெனைக்காதீங்க, அவங்களுக்கு நெஜமாவே உங்கள விட ஜாஸ்தியா கேக்குது.

ஒரு தடவ உறுதி பண்ணிக்கோங்க. அஞ்சாவது கியர்ல 2600, நாலாவதுல 2600, மூணாவதுல 2600. மூணுலயும் உம்னு வந்தா எக்ஸாஸ்ட். ஒரு வேகத்துல மட்டும் வந்து கியர் மாத்தினாலும் அப்படியே இருந்தா அது டயரோ வீல் பேரிங்கோ, சைலன்சர் மேல பழி போடாதீங்க. அடுத்து ஜன்னல ஒரு இஞ்ச் இறக்கிப் பாருங்க, டக்குனு மாறிச்சுன்னா கேபின் அதிர்வு தான்.

பழைய நடு ரெசனேட்டர (நடு பைப்ல சத்தத்த அடக்குற பொட்டி) கழட்டியிருந்தா மொதல்ல அத திரும்ப மாட்டுங்க. அப்பவும் இருந்தா எண்ட் கேன இன்னும் நீளமான, உள்ள சேம்பர் (தடுப்பு அறை) வச்ச ஒண்ணா மாத்துங்க. அதுக்கும் அடங்கலன்னா கீழ கிளை பைப் பத்தி எழுதிருக்கேன், பாருங்க.

திருநெல்வேலி: சைலன்சர் மாத்தின பிறகு ஃபோன் ஆப்ல 68 டெசிபல் தான் காட்டுது, ஸ்டாக்ல (கம்பெனி சைலன்சர்ல) 66 இருந்துச்சு. ஆனா வீட்ல எல்லாரும் தாங்க முடியலங்கறாங்க.

ஆப் டிபிஏ காட்டுது சார். அந்த "ஏ" கணக்கு தாழ்வான சத்தத்த கழிச்சுத்தான் காட்டும், 100 ஹெர்ட்ஸ்ல 19 டெசிபல், 63 ஹெர்ட்ஸ்ல 26 டெசிபல் கழிஞ்சிரும். ட்ரோன் முழுக்க அந்த எடத்துல தான் இருக்கு. தாழ்வான சத்தத்த அவ்வளவா கழிக்காத டிபிசின்னு செட்டிங் இருந்தா அதுல வச்சு ரெண்டையும் ஒப்பிடுங்க, இல்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஆப் போட்டு எந்த ஹெர்ட்ஸ்ல கோபுரம் மாதிரி எழும்புதுன்னு பாருங்க. வீட்டு ஆளுங்க காது மீட்டர விட சரியா சொல்லுது.

சென்னை, போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ: ஆக்ஸில் பேக் போதுமா, கேட் பேக் போகணுமா? எத்தன இஞ்ச் பைப்? ஃபேமிலி கார் ப்ரோ, மாசம் ஒரு தடவ பாண்டிச்சேரி, வேலூர்னு போவோம்.

ஃபேமிலி கார்னா ஆக்ஸில் பேக்ல, அதாவது பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி உள்ள பாகத்த மட்டும் மாத்துறதுல, நிறுத்திக்கோங்க. கேட் பேக் (புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு பின்னாடி எல்லாத்தயும் மாத்துறது) வாங்கினாலும் ரெசனேட்டர் உள்ள கிட் தான் வாங்கணும், ரெசனேட்டர் இல்லாத கிட் விலை கம்மியா வரும், அதுல ஏமாறாதீங்க.

பைப் சைஸ்ல தான் நெறைய பேர் காச கரியாக்குறாங்க. 105 பிஎஸ் இன்ஜினுக்கு ரெண்டு இஞ்ச் தாராளம், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங் மாத்துறது) பண்ணியிருந்தா ரெண்டேகால். கடைல ரெண்டரை போடுங்க பவர் பிச்சுக்கும்பாங்க, அந்த காருக்கு ரெண்டரைல வர்றது சத்தம் மட்டும் தான். பைப் அகலமாக ஆக தாழ்வான சத்தம் அடங்காம வெளிய வந்துரும்.

மஃப்ளர் (சைலன்சர் பொட்டி) உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. ஒண்ணு, ஓட்ட போட்ட நேர் குழாய், அத சுத்தி கண்ணாடி நாரு இல்ல எஃகு கம்பளி. கேஸ் தடையில்லாம போகும், கிரீச்சுனு வர்ற மேல்சத்தத்த நல்லா உறிஞ்சும், ஆனா 80, 90 ஹெர்ட்ஸ உறிஞ்சணும்னா பொட்டி பெருசா நீளமா இருந்தாகணும். முழங்கை அளவு கூட இல்லாத கேன் எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் அத செய்ய முடியாது, எடமே இல்ல. இன்னொண்ணு அறை அறையா தடுத்து கேஸ திருப்பி விடுறது, கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் இந்த வகை. இதுல நல்லா டிசைன் பண்ணது ட்ரோன அடக்கும், சும்மா ரெண்டு தகடு வச்சது இருக்குறத இன்னும் கூட்டிவிடும். மேக்னாஃப்ளோன்னா நேர் குழாய், ஃப்ளோமாஸ்டர்னா சேம்பர்னு பேர் வாங்கினவங்க. கோர்சா சில மாடல்ல குறிப்பிட்ட அலைவரிசைய எதிர் அலையால கொல்ற மாதிரி பக்கவாட்டு அறை வைக்கிறாங்க, ஆனா அவங்க போலோவுக்கெல்லாம் பண்றதில்ல.

என் கருத்து, உங்க காருக்கு பின்னாடி எடம் கொள்ளுற அளவுக்கு பெரிய ஸ்ட்ரெய்ட் த்ரூ கேன், நடுவுல ஸ்டாக் ரெசனேட்டர், ரெண்டு இஞ்ச் பைப். இதுக்கு மேல எதுவும் வேண்டாம். ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி அதே செட்டப் போட்ட அதே காரு, அதே கியர்பாக்ஸ், அதுல பின் சீட்ல உக்காந்து ஓஎம்ஆர் தாண்டி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. கடை வாசல்ல நியூட்ரல்ல முறுக்கி காட்டுறத வச்சு முடிவு பண்ணாதீங்க, நியூட்ரல்ல இன்ஜினுக்கு லோடே கெடையாது, ட்ரோன் தெரியவே தெரியாது.

ஓசூர், விர்டஸ் ஜிடி 1.5: ஆக்ஸில் பேக் போட்ட பிறகு லேசா மிதிச்சு போறப்ப மட்டும் லாரி பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது, மிதிச்சா சுத்தமா போயிருது.

உங்க இன்ஜின் லோடு கம்மியா இருக்கப்ப ரெண்டு சிலிண்டர நிறுத்திரும். அந்த நேரம் ஃபயரிங் பாதியாயிரும், 2000 ஆர்பிஎம்ல 67 ஹெர்ட்ஸ் வரவேண்டியது 33ல வரும். கம்பெனிக்காரன் அதுக்குன்னு யோசிச்சுத்தான் பின் மஃப்ளர டிசைன் பண்ணியிருப்பான், வெளி மார்க்கெட் கேன் பண்றவங்க பெரும்பாலும் நாலு சிலிண்டர மட்டும் கணக்குல எடுக்குறாங்க. மீட்டர் க்ளஸ்டர்ல ரெண்டு சிலிண்டர் மோடுன்னு காட்டுற நேரமும் சத்தம் வர்ற நேரமும் ஒண்ணான்னு கவனிங்க. ஒண்ணா இருந்தா, ஆட்டோமேட்டிக்னா எஸ் (ஸ்போர்ட்) மோட்ல போட்டு பாருங்க, பெரும்பாலும் அந்த மோடுக்கு போகாது. ஆனா அதுக்காக மைலேஜ விடணுமான்னு நீங்க தான் சொல்லணும். இந்த காருக்கு நான் ஸ்டாக் சைலன்சர கழட்டவே சொல்ல மாட்டேன்.

மதுரை, ஸ்விஃப்ட்: நடு சைலன்சர அறுத்துட்டு பைப் வச்சா பேஸ் வரும், ஆயிரத்து சொச்சம் தான்னு மெக்கானிக் சொல்றார்.

வேண்டாம் தம்பி. பேஸ் வரும், அந்த பேஸ் காருக்குள்ள தான் வரும். புது ஸ்விஃப்ட் மூணு சிலிண்டர், அதுல ஆர்பிஎம்ம 40ஆல வகுக்கணும், அதனால கேபின் அதிர்வு 3000 தாண்டி வரும், பைபாஸ்ல ஓவர்டேக் பண்றப்பலாம் மண்டைக்குள்ள அடிக்கும்.

சேலம்: போட்ட புதுசுல நல்லா இருந்துச்சு, வருஷம் திரும்புறதுக்குள்ள சத்தம் பிச்சுக்குது.

உள்ள இருக்குற நாரு ஓட்ட வழியா பறந்து போயிருச்சு. மட்டமான கண்ணாடி நாரு சூட்டுல பொடியாயிரும், டிப் (பைப்போட வெளி முனை) உள்ள வெரல விட்டா வெள்ள வெள்ளயா நூல் ஒட்டும். கையுறை போட்டு பாருங்க, அரிக்கும். ரிவெட் வச்ச கேனா இருந்தா பிரிச்சு பசால்ட் நாரு அடைச்சு வாங்கலாம், மொத்தமா வெல்ட் அடிச்சதுன்னா அறுத்து தான் ஆகணும். வாங்குறப்பவே திரும்ப பிரிக்க முடியுமான்னு கேட்டு வாங்குங்க.

நாமக்கல், ஐ20: புது சைலன்சர் போட்டதுல இருந்து சிக்னல்ல நிக்கும்போது உள்ள புகை வாட வருது, குழந்தைங்க பின்னாடி உக்காருவாங்க. பழகிரும்ங்கறாங்க.

பழகிரும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, இன்னைக்கே சரி பண்ணுங்க. வாட தெரியற புகையோட கார்பன் மோனாக்சைடும் சேந்து வருது, அதுக்கு வாடையே கெடையாது. குழந்தைங்க மயங்கிக் கெடந்தாலும் தூங்குறாங்கன்னு நெனச்சுட்டு இருப்போம். டிப் பம்பர தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கணும், ஹேட்ச்பேக் ஓடுறப்ப பின்னாடி உருவாகுற வெற்றிடம் புகைய கதவு பக்கம் இழுக்கும். ஜாயிண்ட்ல லீக் இருக்கான்னு பாக்க, குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ணி டிப்ப தடிமனான ஈரத் துணியால ஒரு நொடி அடைக்கச் சொல்லி, கீழ புஸ்ஸுனு எங்க வருதுன்னு கேளுங்க. டிக்கி கதவு ரப்பரும் டிக்கி அடில உள்ள ரப்பர் மூடிங்களும் பாருங்க. சரியாகுற வரைக்கும் குழந்தைங்கள அதுல ஏத்தாதீங்க.

ஈரோடு: கிளை பைப், ஜே பைப்னு சொல்றாங்களே, நானே லேத்துல பண்ணலாமா? என்னோடது நாலு சிலிண்டர், 2700ல ட்ரோன்.

பண்ணலாம், எனக்கு ரொம்ப புடிச்ச வைத்தியம் இது. மெயின் பைப்ல இருந்து பக்கவாட்டுல ஒரு கிளை, அடுத்த முனை மூடியிருக்கும். சத்தம் உள்ள போய் மூடில முட்டி திரும்பி வரும்போது தலைகீழா வந்து மெயின் பைப்ல வர்ற அதே சத்தத்த அடிச்சு சாப்பிட்டுரும். கிளையோட நீளம் அலை நீளத்துல கால்வாசி இருக்கணும். 2700க்கு 90 ஹெர்ட்ஸ். வெளிக்காத்து கணக்குப்படி 343ஐ 360ஆல வகுத்தா 95 சென்டிமீட்டர். ஆனா பைப்புக்குள்ள சூடு, சூட்டுல சத்தம் வேகமா போகும், 130 டிகிரி இருந்தா செகண்டுக்கு 400 மீட்டர் வந்துரும், அப்ப 1.1 மீட்டர் வேணும். கிளைக்குள்ள கேஸ் ஓடாததால மெயின் பைப் அளவுக்கு சுடாது, எவ்வளவு சுடும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது.

அதனால 1.2 மீட்டர்ல ஆரம்பிங்க. மூடிய ரெண்டு பொட்டு மட்டும் வெல்ட் வச்சு, அரை மணி நேரம் ஹைவே ஓட்டி நல்லா சூடான பிறகு ட்ரோன் எந்த ஆர்பிஎம்ல இருக்குன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா அறுத்து திரும்ப ஓட்டுங்க. அறுக்க அறுக்க அது அடக்குற ஆர்பிஎம் மேல ஏறும், உங்க 2700 அமைதியாகுற எடம் வந்ததும் நிறுத்தி சுத்தி முழுசா ஆர்கான் வெல்டிங் அடிச்சிருங்க. கிளைய மெயின் பைப் சைஸ்லயே போடுங்க, சின்னதா போட்டா வேலை பாதி தான் செய்யும். டிப்புக்கு பக்கத்துல வைக்காதீங்க, திறந்த முனைல அழுத்தமே இருக்காது, ரெசனேட்டருக்கும் பின் மஃப்ளருக்கும் நடுவுல எடம் பாத்து வைங்க. தண்ணி தேங்காம கொஞ்சம் சரிவா இருக்கட்டும். இத வெளிய நின்னு கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, உள்ள மட்டும் அமைதியாகும், நமக்கு வேண்டியது அது தானே.

திருச்சி: டேம்பிங் ஷீட் ஒட்டினா போகுமா?

டிக்கி தரையும் ஸ்டெப்னி குழியும் அதிர்றது குறையும். 80 ஹெர்ட்ஸ் ட்ரோன் அதுல போகாது, அந்த காசுல நல்ல மஃப்ளர் வந்துரும்.

ஸ்கார்பரோ (கனடா), ஹோண்டா சிவிக் எஸ்ஐ: இங்க வீடியோ பாத்து வாங்கலாம்னு இருக்கேன் அண்ணா. குளிர்காலத்துல உப்பு போடுறாங்க, எந்த ஸ்டீல்?

304 ஸ்டெயின்லெஸ் வாங்குங்க, 409 கொஞ்ச நாள்ல செம்மண் கலருக்கு வந்துரும், அலுமினைஸ்டு பைப்ல வெல்ட் அடிச்ச எடத்துல இருந்து துரு ஆரம்பிக்கும். வீடியோவ நம்பாதீங்க, ஃபோன் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ பெருசா ஒண்ணும் குடுக்காது. நீங்க 401 ஹைவேல போற வேகத்துல டாப் கியர்ல என்ன ஆர்பிஎம்னு குறிச்சுட்டு, அதே கார் வச்சிருக்கவங்க கிட்ட அந்த ஆர்பிஎம்ம சொல்லி கேளுங்க. ஒண்டாரியோ ஹைவே ட்ராஃபிக் ஆக்ட் 75வது பிரிவு மஃப்ளர் ஒழுங்கா இருக்கணும், தேவையில்லாத சத்தம் கூடாதுங்குது, அதயும் மனசுல வச்சுக்கோங்க.

சென்னை: போலீஸ் புடிச்சா என்ன ஆகும்? 'லீகல்' ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்களே.

ஸ்டிக்கர் எதுக்கும் உதவாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகன சட்டம் 190(2)ல சத்த அளவு மீறினா 10,000 வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறை, லைசென்ஸ் மூணு மாசம் போகலாம். அனுமதியில்லாம வண்டிய மாத்தினதுக்கு 182ஏல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. கேபின் அமைதியா இருக்குற செட்டப் வெளியவும் அடக்கமா தான் இருக்கும், ஆனா அதனால சட்டப்படி சரின்னு ஆயிராது. ஸ்டாக் சைலன்சர தூக்கி எடைக்கு போட்டுராதீங்க, பத்திரமா வைங்க.

கரூர், பிஎஸ்6 டீசல்: டிபிஎஃப் (டீசல் புகைல கரிய வடிகட்டுற ஃபில்டர்) எடுத்துட்டு சத்தம் வர வைக்கலாமா?

செய்யாதீங்க. சென்சார் லைட் எரியும், புகை பின்னாடி வர்ற பைக்காரன் மூஞ்சில அடிக்கும், டீசல்ல வர்ற சத்தமும் நல்லா இருக்காது.

தஞ்சாவூர்: எல்லாம் சரியா போட்டாச்சு, ஐடில்ல மட்டும் ஸ்டியரிங்கும் சீட்டும் கிர்ருனு நடுங்குது. சைலன்சர் தொங்குற ஹேங்கர் ரப்பர பாலியூரித்தேனா மாத்தினோம்.

ஒரிஜினல் மெத்து ரப்பரையே திரும்ப போடுங்க, பாலி கெட்டி, ஆட்டத்த அப்படியே பாடிக்கு கடத்தும். அப்பறம் கார லிஃப்ட்ல ஏத்தி, ஆறின பிறகு பைப்ப கையால நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்க, ஹீட் ஷீல்டுலயோ (சூடு தடுக்குற தகடு) ஆக்ஸில்லயோ எங்கயாவது ஒரசுதான்னு. வெரல் நுழையற இடைவெளி எல்லா எடத்துலயும் இருக்கணும், சூடானா பைப் நீளும்.