அடிபட்டவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்

சோழவந்தானிலிருந்து டொராண்டோவுக்கு வந்து முதல் பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, கிடங்கில் உடன் வேலை செய்பவர்கள் எந்நேரமும் ஐஸ் ஹாக்கி பற்றித்தான் பேசுகிறார்கள். வீரருக்கு அடிபட்டால் ‘மேலுடம்பில் காயம்’, ‘கீழுடம்பில் காயம்’ என்று மட்டும் அணி அறிவிக்கிறது. ரசிகரிடம் அத்தனை பணம் வாங்கிக்கொண்டு ஏன் மறைக்கிறார்கள்? முழுவதையும் சொல்ல வேண்டாமா? இன்னொன்று, பெட்டி தூக்கும்போது எனக்கே தோளில் பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளரிடம் எவ்வளவு சொல்லலாம்? சொன்னால் வேலை போய்விடுமா?”

தம்பி, இரண்டையும் சேர்த்தே கேட்டது நல்லதாயிற்று. அந்த உடம்பைப் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம் என்பதுதான் இரண்டிலும் உள்ள விஷயம்.

நான் பொங்கலுக்கு மதுரை வந்திருக்கிறேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஜல்லிக்கட்டும் முடிந்துவிட்டன. களத்தில் இறங்கும் வீரர்களை மருத்துவர்கள் முன்கூட்டியே சோதிக்கிறார்கள். மாடு குத்தினால் அங்கேயே முதலுதவி. காயம் ஆழமென்றால் அரசு ராஜாஜி மருத்துவமனை. மறுநாள் நாளிதழில் பெயர், வயது, ஊர், குத்தியது வயிற்றிலா தொடையிலா என்பது வரை வந்துவிடுகிறது. யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. நம் ஊரில் ஒருவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் தெருவே வந்து விசாரிக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும். அப்படி வளர்ந்த நமக்கு, கனடாக்காரர்கள் காயத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது கள்ளத்தனமாகத்தான் தோன்றும்.

ஆனால் தையல் போட்ட தோளோடு ஒருவர் அடுத்த ஊர் வாடிவாசலுக்குப் போனால், எதிரே வருகிற காளைக்கு அது தெரியாது. ஐஸ் ஹாக்கியில் எதிரே வருகிறவருக்குத் தெரிந்துவிடும். 2025 நவம்பர், டிசம்பரில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தனவே, அந்த ஹாக்கியில் வேண்டுமென்றே உடம்பால் மோதினால் தவறு. பனித்தளத்தில் அப்படியில்லை. பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் மோதிப் பலகைச் சுவரோடு நெரிப்பது விதிக்கு உட்பட்ட ஆட்டம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், ஸ்டான்லி கோப்பைக்கான சுற்றுகளில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆட வேண்டியிருக்கும். இடது மணிக்கட்டில் விரிசல் என்று அறிவித்துவிட்டு வந்தால், அடுத்த ஆட்டத்தில் மட்டையடி முதலில் விழும் இடம் அந்த மணிக்கட்டுதான்.

2013 இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணியின் பாட்ரிஸ் பெர்ஜெரான் சிகாகோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் ஆடியபோது அவருடைய விலா எலும்பு முறிந்திருந்தது, அதைச் சுற்றிய குருத்தெலும்பு கிழிந்திருந்தது, தோளும் விலகியது, நுரையீரலில் சிறு துளை இருப்பதும் பிறகு கண்டறியப்பட்டது. தோற்றுப்போன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. விலா முறிந்த செய்தி முன்கூட்டியே சிகாகோவுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே எந்த எலும்பு, எந்தத் தசை என்பதைப் பொதுமக்களிடம் சொல்லாமல் இருக்க அணிக்கு உரிமை உண்டு என்பதே என் முடிவு. ரசிகர் வாங்குவது ஆட்டம் பார்க்கும் டிக்கெட். அதில் வீரரின் மருத்துவக் குறிப்பு அடங்காது.

அதே சமயம், இன்றைக்கு ஆடுவாரா மாட்டாரா என்பதை உண்மையாக, குறித்த நேரத்தில், எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லியே ஆக வேண்டும். இதில் எனக்குத் துளியும் விட்டுக்கொடுப்பு இல்லை. காரணம் சூதாட்டம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியது. கனடா 2021 ஆகஸ்டில் ஒற்றை ஆட்டத்தின் மீது பணம் கட்டுவதை அனுமதித்தது. 2022 ஏப்ரலில் ஒன்டாரியோ தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. உங்கள் கிடங்கில் சம்பள நாளில் கைப்பேசியில் பந்தயம் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடைமாற்றும் அறையில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த செய்தி இப்போது பணமாகிவிடுகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் யார் பயிற்சிக்கு வந்தார், யார் வரவில்லை, யார் ஆடுவது சந்தேகம் என்று ஒவ்வொரு வாரமும் அறிக்கை தர வேண்டும். உடம்பின் எந்தப் பகுதி என்பதும் அதில் வரும். அவ்வளவு தூரம் ஹாக்கி போக வேண்டியதில்லை. (தம்பி, நீங்கள் அந்தப் பந்தயத்தின் பக்கமே போகாதீர்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அதில் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.)

எனக்கு வயிறு எரிவது வேறொரு மறைப்பைப் பார்த்து. அது அடிபட்டவரிடமே மறைப்பது.

2018 நவம்பரில் 318 முன்னாள் வீரர்கள் தொடர்பான வழக்கில் தேசிய ஹாக்கி லீக் ஏறக்குறைய 1.89 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீரர்களின் குற்றச்சாட்டு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நீண்டகாலக் கேட்டைத் தங்களுக்கு லீக் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான். ரசிகர்களுக்குச் சொல்லாதது பற்றி அவர்கள் பேசவே இல்லை. ரயன் கெஸ்லர் என்ற வீரர் வலியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுத்து ஆடியதால் குடல் நோய்க்கு ஆளானதாக 2020இல் வெளிப்படையாகப் பேசினார். அந்த மருந்து என்ன செய்யும் என்பது பாதிப்பு வந்த பிறகே தமக்குத் தெரிந்தது என்றார். ஜாக் ஐக்கல் என்ற வீரர் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி அவதிப்பட்டபோது, தாம் விரும்பிய அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ள அவருடைய பஃபலோ அணி ஒப்பவில்லை. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இருந்த அன்றைய ஒப்பந்தப்படி கடைசிச் சொல் அணியுடையது. 2021 நவம்பரில் வேகஸ் அணிக்கு மாறிய பிறகே செயற்கைத் தட்டு வைத்துக்கொண்டார். 2023இல் கோப்பையும் வென்றார். அவருடைய கழுத்து அவருடையதாக இல்லாமல் அத்தனை மாதம் கிடந்தது.

முழுமையாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வீரரிடம், அணியின் சம்பளப் பட்டியலில் இல்லாத மருத்துவர் ஒருவர், ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கிடங்கில் பழைய ஆட்கள் பாபி பான் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்: 1964இல் கால் எலும்பு முறிந்த நிலையில், மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்து டொராண்டோவுக்கு வெற்றிக் கோல் அடித்தவர். கேட்க மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தலை சுற்றும்போதும் வாய் திறக்காது. ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயது ரக்பி வீராங்கனை, சில நாள்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தார். அதன் பிறகு 2018இல் ஒன்டாரியோ அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. நாளைக்கு உங்கள் பிள்ளையை ஹாக்கியில் சேர்க்கும்போது தலைக்காயம் பற்றிய குறிப்பைப் படித்ததாக உறுதி சொல்லச் சொல்வார்கள். அதை உண்மையிலேயே உட்கார்ந்து படியுங்கள்.

இப்போது உங்கள் தோளுக்கு வருகிறேன். அந்த ஊரில் உங்கள் நோயின் பெயரை மேற்பார்வையாளருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. எவ்வளவு எடை தூக்கலாம், கையை எவ்வளவு உயர்த்தலாம், எத்தனை நாளைக்கு என்பதுதான் அவருக்குத் தேவை. மருத்துவர் நிரப்பித் தரும் செயல்திறன் படிவத்தில் அவ்வளவுதான் இருக்கும். தோள் எப்படி இருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்கள் விசாரிக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். அங்கே கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

ஆனால் வேலையில் அடிபட்டது என்ற செய்தியை மட்டும் ஒருநாளும் மறைக்கக் கூடாது. மேலூர்க்காரர் ஒருவர் என்னோடு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். முதுகு பிடித்துக்கொண்டதைச் சொன்னால் ஷிப்ட் குறைந்துவிடும் என்று பயந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினார். முடியாமல் படுத்த பிறகு, இது வேலையில் வந்த வலி என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆகவே இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் நாள், நேரம், என்ன தூக்கினீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். மருத்துவரிடம் போய் இது வேலையில் நடந்தது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவரிடம் எதையும் குறைக்காதீர்கள். சிகிச்சை தேவைப்படும் காயம் என்று தெரிந்த மூன்று வேலை நாள்களுக்குள் நிறுவனம் மாகாணத்தின் பணியிடக் காப்பீட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் இழுத்தடித்தால் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. புகார் கொடுத்தீர்கள் என்பதற்காக வேலையை விட்டு அனுப்புவதும், கொடுக்காதே என்று மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மாத இறுதியில் டொராண்டோ திரும்பிவிடுவேன். படிவத்தில் ஏதாவது விளங்காவிட்டால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.