லேப்டாப் ஸ்க்ரீன்ல கோடு வருதா? பேனல் வாங்க அவசரப்படாதீங்க

கேள்வி: சார், என் பொண்ணு காலேஜ் லேப்டாப்ல கோடு கோடா வருது, மூடிய லேசா பின்னாடி சாய்ச்சா சரியாயிடுது, கொஞ்ச நேரத்துல மறுபடி வருது. வாரண்டி முடிஞ்சிருச்சு. கடையில கழட்டிக்கூட பாக்காம டிஸ்ப்ளே மாத்தணும்னுட்டாங்க. ஆன்லைன்ல பேனல் வாங்கி நானே மாத்திடலாமா?

பதில்: மாத்தலாம்மா, ஆனா இப்போ பேனல், அதாவது படம் தெரியுற ஸ்க்ரீன் தகடு, ஆர்டர் போடாதீங்க. பேனலே போயிருந்தா பெரும்பாலும் மூடிய எப்படி வச்சாலும் கோடு அதே இடத்துல நிக்கும். அசைச்சா மாறுதுன்னா கீல் வழியா போற டிஸ்ப்ளே கேபிள் நைஞ்சிருக்கும், இல்லனா சாக்கெட்ல லூசா இருக்கும், கேபிளுக்கு ஆகுற செலவு பேனல விட ரொம்ப கம்மி. கழட்டாமலே பேனல்னு சொல்றத கேட்டா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

முதல்ல எச்டிஎம்ஐ வயர்ல டிவியோட இணைச்சு பாருங்க, அங்க படம் சுத்தமா வந்தா கிராபிக்ஸ் பக்கம் அநேகமா கோளாறு இல்ல. அப்புறம்தான் கழட்டணும். ஷட்டவுன் பண்ணி சார்ஜர உருவிட்டு, அடி மூடிய திறந்து பேட்டரி கனெக்டரயும் எடுத்துடுங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, பேட்டரி கரண்ட் இருக்கும்போது டிஸ்ப்ளே கேபிள புடுங்கினா மதர்போர்டுல ஸ்க்ரீனுக்கு வெளிச்சம் குடுக்குற பேக்லைட்டோட ஃபியூஸ் போயிடலாம், அப்புறம் அது மதர்போர்டு ரிப்பேர் வேலை. ஸ்க்ரீன் ஓரச் சட்டத்த பழைய ஏடிஎம் கார்டால மெதுவா நெம்புங்க. பல புது மாடல்ல பேனல புடிச்சிருக்க ஸ்க்ரூ இல்லாம ரெண்டு பக்கமும் இழுபடுற பசை டேப்தான் இருக்கும், அத நேரா மெல்ல இழுத்தாதான் அறுந்து போகாம வரும். கேபிள கழட்டி திரும்ப சரியா மாட்டி பாருங்க, பல தடவ இதுலயே சரியாயிடும். டச் ஸ்க்ரீன், கண்ணாடியோட ஒட்டின மாடல்னா வீட்டுல கை வைக்காதீங்க.

கேபிள் மாத்தியும் கோடு போகலன்னா அப்போ பேனல் வாங்குங்க, அதுவும் லேப்டாப் பேர சொல்லி இல்ல, பழைய பேனல் முதுகுல இருக்கிற ஸ்டிக்கர் நம்பர பாத்து. ஒரே மாடல்லயே ரெசல்யூஷன் 1366க்கு 768ம் இருக்கும் 1920க்கு 1080ம் இருக்கும், கேபிள் மாட்டுற கனெக்டரும் 30 பின் 40 பின்னு மாறும். சென்னைன்னா பழசையே கையில எடுத்துட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போய் போட்டு பாத்து வாங்கலாம். ஆன்லைன்னா பெட்டி பிரிக்கிறத வீடியோ எடுங்க, மேல இருக்கிற ஃபிலிம உரிக்காம மாட்டி, முழு வெள்ளையும் முழு கருப்பும் போட்டு புள்ளி தெரியுதான்னு பாருங்க, உரிச்சுட்டா பல பேர் திருப்பி எடுக்க மாட்டாங்க.

கேபிள்தான் நைஞ்சிருக்குன்னா கீல் ரொம்ப இறுகிப் போயிருக்கான்னும் பாத்துடுங்க, அத சரி பண்ணலன்னா புது கேபிளும் அதே இடத்துல நையும்.