கேரியர் இல்லாத சைக்கிள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமம். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. போன வருடம் சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் 34,000 ரூபாய் கொடுத்து 21 கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன் (படம் இணைத்திருக்கிறேன்). இப்போது அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்பி நாகப்பட்டினம் கடற்கரை வரை போய்த் திரும்புகிறேன். என்னைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் திருவாரூரில் இருக்கிறார்கள்.

வீட்டில்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. அப்பா, "நாப்பது வருஷம் வேற வழியில்லாம மிதிச்சேன். நீ காசு குடுத்து மிதிக்கிறியா?" என்கிறார். மனைவி, "நான் பள்ளிக்கூடம் போக தினம் பத்து கிலோமீட்டர் மிதிச்சப்ப எவனும் போட்டோ எடுக்கல" என்று கேலி செய்கிறாள். ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சண்டை வேறு. (அது மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது. அவள் வேனில் போவதால் டயர் இறங்கி மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.)

இந்த ஆர்வத்தை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது? நம் டெல்டா சமதளம்தானே, இங்கே 21 கியர் அவசியமா, இல்லை ஏமாந்துவிட்டேனா? சைக்கிள் உடையைப் பார்த்து ஊரில் சிரிக்கிறார்கள், அதற்கு என்ன செய்வது?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உடையை விடுங்கள். ஊர் சிரிக்கத்தான் செய்யும். வேட்டிக்கு நடுவே முதல் பேண்ட் வந்தபோதும் இதே ஊர் சிரித்தது. சர்க்கரை விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை இழுக்காதீர்கள்.

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டுவிடுவேன். இதற்கு முடியவில்லை. காரணம், போன வாரம் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்தில் நிற்பவரோடு ஒரு சம்பந்தமே பேசி முடித்துவிடலாம். எனக்கு முன்னால் ஒரு பழைய ஹெர்குலிஸ். ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். கேரியரில் அவர் மனைவி. மடியில் கட்டைப்பை, பைக்கு வெளியே தலைநீட்டிய கீரைத்தண்டு. வண்டி நின்றபோது அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. அந்தம்மா ஒரு கையால் சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு, பை சாயாமல், காலை ஊன்றி இறங்கினார். கேட் திறந்தது. அவர் ஏறி மிதிப்பார் என்று பார்த்தேன். ஏறவில்லை. தண்டவாளம் தாண்டி, கடைத்தெரு முக்கு வரைக்கும் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு நடந்தே போனார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றதில் பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு கேரியர் நினைப்புதான். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மட்கார்ட் இல்லை. சரி, மழையில் ஓட்டாமல் இருந்துகொள்வீர்கள். ஸ்டாண்ட் இல்லை, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். கேரியரும் இல்லை. முப்பத்து நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடமிருக்கிற வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டில் ஏன் பிடிக்கவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்களே ஐயா, இது நியாயமா?

கியர் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். என் அப்பாவின் சைக்கிளில் பெடலோடு சுற்றுகிற பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. சின்ன வயதில் எண்ணி வைத்தது. 28 அங்குலச் சக்கரம். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். அந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டுதான் பால் கேன், நெல் மூட்டை, வாழைத்தார், பிரசவத்துக்கு வந்த பெண் என்று இந்தப் பக்கத்தில் எல்லாமே நகர்ந்தது. டெல்டாவில் மலை ஏது? இங்கே ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலம், எதிரி என்றால் ஆடி மாத மேல்காற்று. ஆடியில் மேற்குப் பார்த்து மிதித்தவனுக்கு அது மலையைவிட மோசம் என்று தெரியும். காற்றுக்கு உங்கள் கியர் உதவும். பாலத்துக்கும் உதவும். பாலத்துக்கு உதவுவதில்தான் எனக்குச் சண்டை.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறதல்லவா, அந்தப் பாமணிதான் மன்னார்குடியில் எங்கள் ஆறு. அப்பா ஒரு நெல் அரவை மில்லில் கணக்கெழுதினார். இரண்டு கட்டு வீடு, பதினோரு பேர். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டுக்குள் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்திருப்பார், இரண்டடி தள்ளி அம்மா நிற்பாள். நான் நடுவில். "மண்ணெண்ணெய் தீந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பாள் என்னிடம். அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் தலையாட்டுவார். பாட்டிக்கு முன்னால் பெண்டாட்டியோடு பேசுவது அப்போது ஒரு கூச்சம். இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

அம்மாவின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கே ஆறு மைல். ஆடிப் பதினெட்டு, பொங்கல், அங்கே யாருக்காவது உடம்புக்கு வந்தால், இப்படி வருஷத்தில் நாலைந்து முறை போவோம். அக்கா பாட்டியோடு வீட்டில் இருந்துகொள்வாள். அம்மா கேரியரில். நான் பாரில், பார் குத்தாமலிருக்க அப்பாவின் துண்டைச் சுற்றி அதன் மேல். பெல் என் பொறுப்பு. அந்தக் காலத்தில் டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். நாங்கள் டிரிபிள்ஸ். ஆகவே அம்மா இறங்குகிற இடங்கள் இரண்டு: போலீஸ்காரர் நிற்கும் முக்கு, அப்புறம் பாலம்.

பாலத்தின் அடிவாரம் வந்ததும் அப்பா, "எறங்கு" என்பார். அவ்வளவுதான். அவரும் இறங்கிவிடுவார். என்னைப் பாரிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பார். அம்மா அவருக்கு இடதுபக்கம், சைக்கிளை ஒட்டி. அங்கே பேச ஆரம்பிப்பார்கள். என்னை நடுவில் வைத்துப் பேசுகிற பேச்சில்லை. நேராக. அம்மா சிரிப்பது எனக்கு முதலில் அந்தப் பாலத்தில்தான் கேட்டது. அடகு வைத்த வளையல், சித்தப்பாவுக்குப் பார்த்த பெண், மில் முதலாளியின் மகன் என்று ஏதேதோ. பாலம் எத்தனை நீளம் இருந்துவிடும்? ஆனால் அவர்கள் நடந்தது நீளமாகத்தான் இருந்தது. மேலே நடுப்பாலத்தில் கொஞ்சம் நிற்பார்கள், புதுத்தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில். மேட்டூரில் ஜூன் 12 திறந்திருந்தால் ஆடிப் பதினெட்டுக்குள் ஆறு கரை தொட்டு ஓடும். தண்ணீரைப் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஒருமுறை, எனக்கு ஆறு வயது இருக்கும். அம்மா ஆற்றைப் பார்த்தபடி, "மூணாவது வேண்டாங்க" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் பெல்லை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை வந்து பெல்லின் மேல் மூடிக்கொண்டது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றார். இறக்கத்தில் வண்டியைப் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய், சமதளம் வந்ததும், "ஏறு" என்றார். எதை மூன்றாவது என்கிறார்கள் என்று எனக்கு விளங்க இருபது வருஷம் ஆயிற்று. நாங்கள் அக்காவும் நானும் இரண்டே பேர்தான்.

1984இல் அப்பா ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆறு மைல் கால் மணியில் போனது. பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. யாரும் இறங்கவில்லை.

இதையெல்லாம் சமீபத்தில் அம்மாவிடம் உருகி உருகிச் சொன்னேன். எண்பத்தி மூன்று வயது. "போடா, கேரியர் கம்பி தொடையில வெட்டும். எப்படா எறங்கச் சொல்லுவாருன்னு இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பாலத்தை இடிச்சுட்டுப் புதுசு கட்டிட்டாங்களாமே?" என்றாள்.

பெண்ணை மூட்டை மாதிரி பின்னால் ஏற்றிக்கொண்டு போனதையா புகழ்கிறாய் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியும். நான் வாடகை சைக்கிள் எடுத்து, ஹரித்ரா நதி என்கிற எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் நாலு கரையையும் சுற்றிக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டபோது, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவள் அக்கா. அவளுக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களெல்லாம் ஓட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி: பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன் என்றால், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். தனக்கென்று முதன்முதலாக ஒரு வண்டி கிடைத்த நேரத்திலும் இன்னொரு ஆளுக்கு இடம் பார்த்தார்கள். உங்களுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் சொன்னதைக் கேலி என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பப் படியுங்கள். "நான் பள்ளிக்கூடம் போக தினம் பத்து கிலோமீட்டர் மிதிச்சப்ப எவனும் போட்டோ எடுக்கல." எழுத்தர்தானே நீங்கள், மனு வந்தால் மனு என்று தெரிய வேண்டாமா? அந்த அம்மையாருக்கு உங்களைவிட நன்றாக ஓட்டத் தெரியும். புத்தகப்பையோடு, மழையில், மட்கார்டில் சேறு அடைத்த வண்டியில், தினமும் பத்து கிலோமீட்டர் போய்ப் படித்தவர். நீங்கள் வாரத்தில் ஒருநாள் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கடைசியாக சைக்கிளில் ஏறியது எப்போது என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் முழுக் கடிதத்திலும் என்னைக் குத்தியது அடைப்புக்குறிக்குள் இருக்கிற இரண்டு வரிதான். மாட்டுக்கொட்டகையில் கிடக்கிற சைக்கிள். 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் மகளுடைய சைக்கிளில்தான் வருகிறார். முன்னால் கூடை, பின்னால் கேரியர், ஸ்டாண்ட், பெல் என்று உங்கள் முப்பத்து நாலாயிரத்தில் இல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. மாட்டு மூத்திரத்தில் அதை ஊறவைத்துவிட்டு ஆர்வம், ஆர்வம் என்கிறீர்களே! உங்களுக்குப் பிடித்திருப்பது சைக்கிளா, உங்கள் சைக்கிளா?

முதலில் அதை வெளியே எடுங்கள். காற்றடித்துப் பார்க்காதீர்கள். இறங்கிய டயரில் நாள்கணக்காகக் கிடந்த டியூப் மடிப்பில் வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள். காற்றடிக்கிற வாயில் மாட்டியிருக்கும் ரப்பர், அந்த வால்டியூப், கண்டிப்பாக உளுத்திருக்கும். டயரைத் தொட்டுப் பார்த்து வெடிப்பு இருந்தால் அதுவும் போக வேண்டியதுதான். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஓர் இரவு போடுங்கள், தேய்த்தால் துரு போய்விடும். சக்கர அச்சைப் பிரித்தால் பால்ரஸ், அந்தக் குட்டி இரும்புக் குண்டுகள், கொட்டும். கொட்டாங்குச்சி ஒன்றில் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் அப்பி ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். ரிம் கோட்டம் எடுப்பதை மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள், அது உங்களால் ஆகாது.

இதையெல்லாம் வாசலில், அப்பா கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தாலும் நல்லதுதான். நாற்பது வருஷம் மிதித்தவர். பத்து நிமிஷம் பொறுப்பார். அப்புறம் திட்டிக்கொண்டே வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் அந்த வண்டியை மனைவி ஓட்டட்டும். மகளுக்கு வேண்டுமென்றால் அவளும் ஓட்டட்டும், பங்கு அவர்களுக்குள். நாகப்பட்டினமெல்லாம் வேண்டாம். அடுத்த ஊர்க் கடைத்தெரு வரை போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வாருங்கள். வழியில் ஆறு இல்லாமலா போகும்? பாலத்தின் அடிவாரம் வந்ததும் கியரைக் குறைத்து விறுவிறுவென்று மேலே ஏறிப்போய் நின்று திரும்பிப் பார்க்காதீர்கள். இறங்கித் தள்ளுங்கள்.