காலி செய்யச் சொல்ல எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும்?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனை 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, புதுப்பிக்கவில்லை. மாதம் பிறந்தால் வாடகை மட்டும் ஒழுங்காக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. இப்போது மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புவதால் அந்தப் போர்ஷன் எங்களுக்குத் தேவைப்படுகிறது. வாயால் பலமுறை சொல்லியும் அவர்கள் நகரவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், தானாகப் போய்விடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: மோட்டார் யோசனையை முதலில் கைவிடுங்கள், அம்மா. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. பூட்டை மாற்றி ஆட்களை வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர்கள் மீண்டும் குடியேற முடியும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது, அதை ஒரே நாள் ஆத்திரத்தில் எதிர்த்தரப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் வாடகையை வாங்கி வந்ததால், அவர்களுடைய குடியிருப்பு மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகைக் குடியிருப்பாகக் கருதப்படும். இத்தகைய குடியிருப்பை முடிக்க, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், 15 நாள் அவகாசத்துடன் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தரச் சொல்கிறது. மாத முடிவோடு அவகாசமும் முடிய வேண்டும் என்ற பழைய நிபந்தனையால் எத்தனையோ நோட்டீஸ்கள் தள்ளுபடியாயின. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அவகாசம் எண்ணப்படுகிறது. ஆனாலும் குழந்தைகளின் பள்ளியும் வேறு வீடு தேடும் சிரமமும் இருக்கும் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மாதம் கொடுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தாலும் அது உங்களுக்குச் சாதகமாகவே பேசும்.

நோட்டீஸில் தேதி இருக்க வேண்டும். “கூடிய சீக்கிரம் காலி செய்யவும்” என்று எழுதுவதில் பயனில்லை. “எங்கள் வீட்டு மாடிப் பகுதியில் தங்களுக்குள்ள மாத வாடகைக் குடியிருப்பை வரும் இன்ன தேதியோடு முடித்துக்கொள்கிறேன், அன்று மாலைக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்கவும்” என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதை வாங்க மறுத்துக் கதவைச் சாத்தினால், வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதற்கும் சட்டத்தில் வழி உண்டு.

குறித்த தேதிக்குப் பிறகும் அவர்கள் பணம் அனுப்பினால் கவனம் தேவை. அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், நோட்டீஸை நீங்களே கைவிட்டீர்கள் என்று வாதிட சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இடம் தருகிறது. “இது குடியிருந்த நாட்களுக்கான தொகை மட்டுமே, நோட்டீஸ் நடப்பில் இருக்கிறது” என்று அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுத்ததாலேயே வீடு கைக்கு வந்துவிடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நகர்ப்புறங்களில் ஒருவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்; அதற்குச் சட்டம் சொல்லும் காரணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது ஒரு காரணம்; உரிமையாளரின் சொந்தத் தேவை இன்னொன்று. நோட்டீஸிலேயே மகன் வரவிருப்பதைக் குறிப்பிட்டுவிட்டால், பின்னால் ஜோடித்த காரணம் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டில் குடியிருந்தவர், ஒரு மாத முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தும், ஒரு வாரத்துக்கு முன்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அட்வான்ஸில் ஒரு மாத வாடகையையும் பெயின்ட் செலவையும் பிடிக்கலாமா?

பதில்: முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் பொது என்பதால், குறைந்துபோன மூன்று வாரச் சொச்சத்துக்கான வாடகையைக் கேட்பதில் தவறில்லை. ஒரு வார வாடகை ஏற்கெனவே வந்திருந்தால் முழு மாதத்தைப் பிடிக்க வேண்டாம். அந்த நாட்களுக்குள் வேறொருவர் குடிவந்து வாடகை தரத் தொடங்கிவிட்டால், ஒரே நாளுக்கு இருவரிடமும் வாங்குவது முறையாகாது. சுவர் காலப்போக்கில் மங்குவது குடியிருப்பின் இயல்பான தேய்மானம். அதற்கான பெயின்ட் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது. உடைந்த வாஷ்பேசின், கட்டாத கரண்ட் பில் போன்றவற்றை ரசீதோடு கழிக்கலாம். மீதித் தொகையைக் கணக்கெழுதி, அவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். சட்டம் வைத்திருக்கும் கெடுவும் அதுதான்.