தோல்வியையும் கணக்கில் எழுதுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இணைய உலாவியின் உள்ளே இருந்து பக்கத்தை வரைந்து தரும் எஞ்சினுக்கு எவ்வாறு தேர்வு வைக்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் கல்லூரியிலும் மென்பொருள் சோதனை என்று ஒரு பாடம் உண்டு. அதற்கும் நீங்கள் எழுதிய இணக்கச் சோதனைக்கும் என்ன வேறுபாடு?
– பொறியியல் மாணவி, மன்னார்குடி

பாடத்தில் நீங்கள் எழுதிய நிரல் நீங்கள் நினைத்தபடி நடக்கிறதா என்று பார்க்கிறீர்கள். எது சரி என்று முடிவு செய்பவரும் நீங்களே. இணக்கச் சோதனையில் அந்த உரிமை நிரலாளருக்கு இல்லை. ஒரு பெட்டியின் விளிம்பு எங்கே முடிய வேண்டும், ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த நிகழ்வு முதலில் எழ வேண்டும் என்பதையெல்லாம் டபிள்யூ3சி, வாட்விஜி ஆகிய அமைப்புகள் வரையறையாக எழுதி வைத்திருக்கின்றன. குரோமின் பிளிங்க், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் ஆகியவை வெவ்வேறு குழுக்கள் வளர்க்கும் எஞ்சின்கள் என்றாலும், அவற்றுக்கு வினாத்தாள் ஒன்றுதான். ‘வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்’ என்ற அந்தப் பொதுத் தொகுப்பைச் சுருக்கமாக டபிள்யூபிடி என்போம். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு ‘டெஸ்ட்262’ என்று தனித் தொகுப்பு இருக்கிறது. 262 என்பது அம்மொழியின் தர ஆவணத்துக்கு எக்மா அமைப்பு தந்த எண்.

வினாத்தாளும் பிழைபடலாம், பழையதாகலாம் என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த ஆசிட்3 சோதனையில் 100க்கு 100 வாங்க உலாவிகள் போட்டி போட்டன. பிறகு வரையறைகளே மாறும் நிலை வந்ததால், 2011இல் அந்தச் சோதனையின் சில பகுதிகளை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

செர்வோ என்ற உலாவி எஞ்சினை வீட்டு மடிக்கணினியில் பில்ட் செய்து (மூல நிரலிலிருந்து ஓடும் வடிவமாக்கி), சோதனைகளை ஓட்டத் தொடங்கினேன். மாலை வரை முடியவில்லை; நடுவில் மின்சாரமும் போய்விட்டது. வீட்டிலிருந்து இதைச் செய்ய வழி உண்டா?
– வாசகர், பாபநாசம்

உண்டு, முழுத் தொகுப்பையும் ஓட்டாதீர்கள். அதில் சோதனைக் கோப்புகள் பல்லாயிரம், அவற்றுக்குள் இருக்கும் உட்சோதனைகள் பத்து லட்சத்துக்கும் மேல். பெரிய குழுக்களே அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுகின்றன. பக்கத்தில் பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் நிரலை நீங்கள் தொட்டிருந்தால் ஃபிளெக்ஸ்பாக்ஸ் கோப்புறையை மட்டும் ஓட்டுங்கள். பிழை தேடுவதற்கான மெதுவான டீபக் பில்டை விட்டு, பயனருக்குத் தரும் வேகமான ரிலீஸ் பில்டை எடுங்கள். டீபக் பில்டின் மந்தத்தாலேயே நேரம் கடந்து தோற்கும் சோதனைகளைத் துரத்திக்கொண்டு ஒரு வாரம் போய்விடும். ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியாக எழுதும் மூலப் பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை ஓடியவற்றின் முடிவு அந்தக் கோப்பில் இருக்கும்.

குரோமையோ ஃபயர்பாக்ஸையோ டபிள்யூபிடியின் சொந்தக் கட்டளையால் ஓட்டுவதாக இருந்தால், எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சில பெயர்களைச் சேர்க்க வேண்டும். சோதனைப் பக்கங்களை உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு சர்வர்தான் பரிமாறுகிறது; ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போவதைச் சோதிக்க அதற்குப் பல பெயர்கள் தேவைப்படுகின்றன. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு எஞ்சின் பழுது என்று எழுதியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் குழுவில் தினமும் தோற்கும் சோதனைகள் ஏராளம். பார்க்கவே சலிப்பாக இருப்பதால், அவற்றை நிறுத்திவிட்டு வெற்றி பெறுபவற்றை மட்டும் ஓட்டலாம் என்று மேலாளர் சொல்கிறார். சரிதானா?
– மென்பொருள் ஊழியர், கும்பகோணம்

சரியில்லை. உங்கள் மேலாளரின் சலிப்பு நியாயமானது. அவர் சொல்லும் மருந்துதான் தவறானது.

தோல்வியை மறைக்காமலேயே சலிப்பைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் செர்வோவிலும் சோதனைகளுக்கு இணையாக இன்னொரு கோப்புறையில் சிறு சிறு கோப்புகள் இருக்கும்: இந்தச் சோதனையில், இந்த உட்சோதனையில், எதிர்பார்ப்பது தோல்வி. இப்படி எழுதிவிட்டால் சோதனை ஓடும், தோற்கும், கணக்கு நேராக இருப்பதால் யாரையும் எழுப்பாது. எழுதியிருப்பதற்கு மாறாக நடந்தால்தான் மணி அடிக்கும், அந்த மாற்றம் நல்லதாக இருந்தாலும்கூட. நேற்றுவரை தோற்ற சோதனை இன்று வெற்றி பெற்றால் அதுவும் ‘எதிர்பாராத முடிவு’தான். யாரோ ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார், அந்தத் திருத்தத்தோடு சேர்த்துக் கணக்கையும் மாற்றச் சொல்லி எஞ்சின் கேட்கிறது என்று அதற்குப் பொருள்.

நிறுத்திவைத்த சோதனையோ எதுவும் சொல்லாது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வருவது வேறு, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று போய்ப் பார்ப்பது வேறு என்பதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோற்கும் சோதனைகள்தான் கடைமடை. கணினியையே தொங்கவைக்கும் ஒன்றிரண்டை நிறுத்தலாம். அப்போதும் பிழை எண்ணைப் பக்கத்தில் எழுதிவிட்டே நிறுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. டபிள்யூபிடியிலிருந்து புதிய சோதனைகளை இறக்கும்போது, நடந்த முடிவையெல்லாம் ‘இதையே எதிர்பார்த்தோம்’ என்று எழுதித் தரும் கருவி இருக்கிறது. புதிய சோதனைகளுக்கு அது மிகவும் உதவும். ஆனால் பழைய சோதனை ஒன்று வெற்றியிலிருந்து தோல்விக்குப் போயிருந்தால், அந்த ஒரு வரியையாவது மனிதக் கண் பார்க்க வேண்டும். வரையறை மாறியிருக்கலாம், சோதனையை எழுதியவர் தவறியிருக்கலாம், நாம் எதையோ உடைத்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கருவிக்குத் தெரியாது.

ஒரே சோதனை ஒருமுறை வெற்றி, மறுமுறை தோல்வி என்று காட்டுகிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. எதை நம்புவது?
– வாசகி, திருவாரூர்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி ஈரப்பதமானியில் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வரம்பு 17 சதவீதம். குவியலின் மேலிருந்து எடுத்த பிடி 16 காட்டும், அடியிலிருந்து எடுத்த பிடி 18 காட்டும். கருவி பொய் என்று விவசாயியும், நெல் ஈரம் என்று அலுவலரும் வாதிடுவார்கள். எந்தப் பிடியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. ஃப்ளேக்கி (முடிவு நிலையில்லாத) சோதனை என்று நாங்கள் அலுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. பழுது சோதனையில் இருக்கலாம், எஞ்சினில் இருக்கலாம், அது ஓடும் கணினியிலும் இருக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. சென்ற ஐப்பசி மழையில் இங்கே அடிக்கடி மின்சாரம் போய்க்கொண்டிருந்தபோது, அசைவூட்டம் தொடர்பான ஒரு சோதனை பகலெல்லாம் வெற்றி பெற்று, இரவில் மட்டும் தோற்றது. மூன்று இரவு எஞ்சினைத் துருவினேன். நான்காம் இரவுதான், தோற்கும் நேரமெல்லாம் மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது உறைத்தது. பேட்டரியில் இருக்கும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சோதனையை எழுதியவர் 100 மில்லிநொடி காத்திருந்துவிட்டு முடிவைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவருடைய கணினிக்கு அந்த இடைவெளி போதும், என்னுடையதற்குப் போதாது. அசைவு முடிந்தது என்று எஞ்சினே அறிவிக்கும் நிகழ்வுக்குக் காத்திருக்குமாறு இரண்டு வரிகளை மாற்றினேன். அதன்பின் அது தோற்கவில்லை.

எனவே முதலில் சோதனையில் கண்மூடித்தனமான காத்திருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சோதனைக்கு வழக்கமாக 10 நொடி அவகாசம். உண்மையிலேயே நீண்ட வேலையென்றால் அதை ‘நீண்டது’ என்று குறித்து 60 நொடி வாங்கலாம். அடுத்து, அதே சோதனையைத் தனியாகப் பலமுறை ஓட்டுங்கள். தனியாக ஓடும்போது ஒருமுறையும் தோற்காமல், கூட்டத்தோடு ஓடும்போது மட்டும் தோற்றால், முன்னால் ஓடிய வேறொரு சோதனை எதையோ துடைக்காமல் விட்டுப் போயிருக்கிறது. காரணம் பிடிபடும்வரை, எதிர்பார்ப்பில் ‘வெற்றி அல்லது தோல்வி’ என்று இரண்டையும் எழுதிவைக்க இடமுண்டு. தோற்றால் மறுபடி ஓட்டு, வெற்றி வரும்வரை ஓட்டு என்று அமைக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. உண்மையான எஞ்சின் பிழைகளில் நேரப் போட்டியால், அதாவது இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து, வருபவை எல்லாம் அந்தச் சல்லடையில் தப்பிப் போய்விடும்.

தமிழுக்கென்று இந்தச் சோதனைகளில் ஏதாவது இருக்கிறதா? கல்வெட்டுகளில் நாம் காணும் ௰, ௱ போன்ற எண்குறிகளை உலாவி அறியுமா?
– பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர், திருவையாறு

இருக்கிறது, ஐயா. பட்டியல்களுக்குத் தமிழ் எண்களை இடும் ‘தமிழ்’ என்ற பாணி, பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் வரையறையில் உண்டு. டபிள்யூபிடியில் அதற்கான சோதனைகளும் உண்டு. ஆனால் அது இடமதிப்பு முறை. பத்தாவது வரிக்கு ௧௦ வந்தால்தான் எஞ்சினுக்கு வெற்றி, ௰ வந்தால் தோல்வி. தமிழ்ச் சுழியான ௦, உலக எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான் என்பதை நினைத்தால் உங்களுக்கு வருத்தமாகக்கூட இருக்கலாம். வரையறை சரியா என்ற வழக்கை டபிள்யூ3சியில் நடத்த வேண்டும். எஞ்சினைச் சோதிப்பவர் அதில் தீர்ப்பு எழுத முடியாது. உங்களுக்கு 23க்கு ௨௰௩ என்றே வேண்டுமானால், கூட்டு முறையில் சொந்த எண் பாணியை அறிவிக்கவும் அதே வரையறை இடம் தருகிறது.

எண்ணைவிட எனக்குச் சுவையானது எழுத்துத்தான். ‘கோவில்’ என்று தொடங்கும் பத்தியில் முதலெழுத்தை மட்டும் சிவப்பாக்கச் சொன்னால், கோ முழுவதும் சிவக்க வேண்டும். கணினிக்குள் அது க என்ற குறியீடும் ஓகாரக் குறியும். ஏகாரக் குறி, கால் என்று பிரித்து மூன்று குறியீடாகவும் எழுதலாம். இரண்டு வகையிலும் இரட்டைக் கொம்போ காலோ கறுப்பாக நின்றுவிடக் கூடாது.

இதற்கு எழுதுவது ஒப்பீட்டுச் சோதனை. முதல் பக்கத்தில் அந்த சிஎஸ்எஸ் விதி. இரண்டாம் பக்கத்தில் விதி இல்லாமல், கோ என்பதை நேராகவே ஒரு சிவப்புக் குறிக்குள் இட்டிருப்போம். எஞ்சின் இரண்டையும் வரையும், இரண்டு படங்களும் புள்ளிக்குப் புள்ளி ஒத்தால் வெற்றி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சோதனை ஓடும் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் இரண்டு பக்கத்திலும் வெற்றுக் கட்டங்களே வரும். இரண்டும் ஒத்துப்போய்ச் சோதனை வெற்றி பெற்றுவிடும். ஒரு தமிழ் எழுத்தையும் வரையாத எஞ்சினுக்குத் தமிழில் முழு மதிப்பெண்! ஆகவே எழுத்துருவைச் சோதனையோடு கோப்பாகவே வைத்து, அது ஏறி முடிந்த பிறகே படம் எடுக்க வேண்டும்.

எஞ்சின்களை எழுதும் நிரல் மொழிகளான சி++, ரஸ்ட் தெரியாதவர் இதில் பங்களிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

முடியும். பெரும்பாலான சோதனைகள் சாதாரண எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்கள்தான். மேலே சொன்ன கோவில் சோதனைக்கு இருபது வரி போதும். அதை எழுதி முடித்ததும், விதியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது அது தோற்கவில்லை என்றால் இன்னும் அனுப்பாதீர்கள்.