சொத்தையே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். ஈறு நோய் பல்லின் நரம்பையும் கெடுக்குமா?

மருத்துவர் பணத்துக்காகச் சொல்கிறாரோ என்ற ஐயத்தில்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே ஐயத்தோடு பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தேன்; அதனால் இழந்தது அரைப் பல்.

கெடுக்கும். நாம் நரம்பு என்று சொல்லும் பற்கூழுக்கு இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் வேர் நுனியின் துளை வழியாகச் செல்கின்றன. வேரின் பக்கவாட்டிலும், கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் கவட்டிலும் நுண்ணிய கிளைக் கால்வாய்கள் இருக்கலாம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் நலமான வாயில் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. நோய் முற்றிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரையக் கரைய அது ஆழமாகி, கிருமிகள் வேரை ஒட்டியே இறங்கி இந்த வாசல்களை எட்டிவிடுகின்றன.

எனக்குக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பல ஆண்டுகளாக ஈறில் இரத்தம் கசிந்தது. உப்புநீர் கொப்பளித்தும் கிராம்புத் தைலம் தடவியும் காலத்தைக் கடத்தினேன். பிறகு குளிர்ந்த நீர் பட்டாலே கூச்சம், அடுத்து இரவில் தூங்கவிடாத வலி. ஒரு வாரத்தில் வலி தானாக நின்றதும் குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் கூழ் செத்திருந்தது. மருத்துவர் குளிரூட்டிய பஞ்சைப் பக்கத்துப் பல்லில் வைத்தபோது துள்ளிய நான், இந்தப் பல்லில் வைத்தபோது எதையும் உணரவில்லை. பின்வேரின் ஓரம், பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் கம்பி 9 மில்லிமீட்டர் இறங்கியது. அப்போதும் நம்பாமல் எட்டு மாதம் தள்ளிப்போட்டு, சீழ் வந்த பிறகே திரும்பச் சென்றேன். முதலில் வேர் சிகிச்சை, பிறகு ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்து மூன்று மாதம் காத்திருந்தும் பின்வேரைச் சுற்றி எலும்பு தேறவில்லை. பல்லை இரண்டாக அறுத்துப் பின்பாதியை எடுத்துவிட்டார்கள். முன்பாதி கேப் போட்டு இன்றும் நிற்கிறது.

நான் மருத்துவன் அல்லன். ஈறில் இரத்தம் வந்தாலே நரம்பு செத்துவிடும் என்று மிரட்டுவதாகவும் யாரும் எண்ண வேண்டாம். 1974இல் லாங்கெலாண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பக்கக் கால்வாய்கள் வழியாகக் கூழ் பாதிக்கப்பட்டாலும், வேர் நுனியின் முதன்மைத் துளைகளைக் கிருமிப்படலம் எட்டும்போதே அது முழுமையாக அழிகிறது என்று எழுதினார்கள். கூழ் பிடிவாதமாகத் தாக்குப்பிடிக்கக் கூடியதுதான்.

என் ஆற்றாமையெல்லாம், பற்காறையை, அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கை, சுரண்டி எடுத்தால் பல் ஆடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நாற்பது வயதுவரை நான் நம்பியதைப் பற்றித்தான். பல் ஆடுவது எலும்பு கரைந்ததால். காறை அதுவரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

உங்கள் மருத்துவரிடம் குளிர்ச் சோதனை செய்தாரா, பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், எக்ஸ்ரேயில் எலும்பு வேர் நுனிவரை கரைந்துவிட்டதா என்று கேளுங்கள். கூழ் உயிரோடிருந்தால் முதலில் ஈறுக்கு மட்டும் சிகிச்சை செய்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். செத்திருந்தால் என்னைப்போல் எட்டு மாதம் காத்திருக்காதீர்கள்.