‘எங்கள் நாய் சாது’ என்றால் போதுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு மூன்று வயது. யாரைப் பார்த்தாலும் வாலாட்டிக்கொண்டு ஓடும். தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். காத்திருந்தபோது, ஒருவரின் மடியில் படுத்திருந்த சின்ன நாயை முகர்ந்து பார்க்கப் போனது. அது சட்டென்று எங்கள் நாயின் மூக்கைக் கடித்துவிட்டது. ஆனால் அதன் உரிமையாளர் எங்களைத்தான் கடிந்துகொண்டார். எங்கள் நாய் குரைக்கக்கூட இல்லை. அடுத்த முறை நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் நாய் விளையாட்டாகத்தான் போயிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனாலும் நான் அந்த உரிமையாளரின் பக்கம்தான் நிற்பேன். மடியில் கிடந்த நாய்க்கு என்ன நோவு என்று உங்களுக்குத் தெரியாது. காதில் சீழ் கட்டியிருக்கலாம், முதுகுத்தண்டில் வலி இருக்கலாம். வலியில் இருக்கும் நாய், அதுவரை யாரையும் கடித்ததே இல்லை என்றாலும், நெருங்கி வருவதைக் கடிக்கக்கூடும். மடியில் இருந்ததால் விலகி ஓடவும் அதற்கு வழியில்லை.

நாய்கள் பழகிக்கொள்வதற்கான இடம் அல்ல காத்திருப்பு அறை. அங்கே உங்கள் நாய் எவ்வளவு சாது என்பதைவிட, மற்ற விலங்குகளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே முக்கியம்.

முதலில் லீஷை, அதாவது நாயைப் பிடித்துச் செல்லும் வாரைப் பாருங்கள். இழுக்க இழுக்க நீளும் வகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதை நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்குள் நாய் எதிர்ச்சுவரைத் தொட்டிருக்கும். நாலிலிருந்து ஆறு அடி நீளமுள்ள சாதாரண லீஷ் போதும். அதையும் பாதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் விறைப்பாக இழுத்துப் பிடிக்காதீர்கள். கழுத்து இறுகும்போது நாயின் பதற்றமும் கூடும். உட்காரும்போது நாயை உங்கள் கால்களுக்கும் சுவருக்கும் நடுவில் இருத்தி, நீங்கள் மறைப்பாக இருங்கள். வழுக்கும் தரை பல நாய்களுக்குப் பயம் தரும். வீட்டில் அது படுக்கும் விரிப்பைக் கொண்டுபோனால், கால் ஊன்றவும் பிடிமானம், பழகிய வாசனையும் கிடைக்கும்.

வாலாட்டினால் மகிழ்ச்சி என்று நம்பிவிட வேண்டாம். உடல் விறைத்து, வால் மட்டும் உயர்ந்து வேகமாக ஆடினால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உணவே இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முன்பே வரும் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் எழுந்து தள்ளிப் போய்விடுங்கள். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமத் தடைவிதிக்கப்பட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

பூனையோடு வந்தவர்களிடமிருந்து இன்னும் அதிகமாக விலகி உட்காருங்கள். கூடைக்குள் இருக்கும் பூனைக்கு, கம்பிக்கு வெளியே மூச்சிரைக்கும் நாயின் முகம் எத்தனை பெரிய அச்சம்! பிற நாய்களுக்கு அன்போடு பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு வந்த நாயாக அது இருக்கலாம். வயிற்றில் உணவு இருந்தால், மயக்கத்தில் வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

தொற்று விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். உங்கள் நாய் இருமினாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலோ, உள்ளே நுழையும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு வெளியிலோ காரிலோ காத்திருங்கள். நாய்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணத் தரை கழுவும் திரவங்கள் பலவற்றுக்கு அது மசியாது. தடுப்பூசிகள் முடியாத குட்டியை அந்தத் தரையில் இறக்கவே கூடாது. கையிலோ கூடையிலோதான் வைத்திருக்க வேண்டும். உங்கள் நாய் அறையில் சிறுநீர் கழித்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

சண்டையே வந்துவிட்டால், இரு முகங்களுக்கும் நடுவில் கையை விடாதீர்கள். ஊழியர்களை அழையுங்கள். நாற்காலி, பை என்று கையில் கிடைத்ததை நடுவில் நுழைத்துத் தடுக்கலாம். மனிதருக்குக் கடிபட்டால் காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் நாயின் மூக்குக் காயத்தையும், சிறிது என்று விடாமல், மருத்துவரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடித்த நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவமனை மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. கடிபட்ட இடத்தை நாய் மறக்காது. அடுத்த முறை வாசலிலேயே அது தயங்கி நின்றால் வியப்பில்லை. பதற்றத்தோடு உள்ளே வரும் நாயைச் சரியாகப் பரிசோதிப்பதும் கடினம். இதயத்துடிப்பு ஏறிவிடும், உடல் வெப்பமும் கூடலாம். வீட்டில் நொண்டும் நாய் கால்நடை மருத்துவர்களான எங்கள் முன்னால் நேராக நடந்து காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, மருத்துவமனையில் அனுமதி கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் சிகிச்சை எதுவும் இல்லாமலே இரண்டு மூன்று முறை கூட்டிப்போங்கள். எடை பார்க்கும் மேடையில் ஏற்றுங்கள், அதற்குப் பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். ஊசி போடும் நாளுக்கு அன்றைய முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.